பருத்திக் காட்டில் பிறந்த பாட்டும் லண்டன் இசைத்தட்டும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே,

இன்றைக்கு நான் போனஸைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேசப் போவதில்லை. ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கிலாந்து தேசத்து 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற பாட்டுக் கோஷ்டி, 2016 டிசம்பர் 2-ந் தேதி வெளியிட்ட தட்டு அது. 'ப்ளூ அண்ட் லோன்சம்' என்று பெயர். நீலம் என்பது அவர்கள் பேச்சில் துயரத்தின் நிறம். ஆகவே, துயரமும் தனிமையும் என்று அர்த்தம் வைத்துக் கொள்ளலாம்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூத்த தோழர்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. "கோடீஸ்வரர்களின் கூத்து நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கோஷ்டியினர் கோடீஸ்வரர்கள் என்பதில் சந்தேகமில்லை. 1971-ல் பிரிட்டனில் வரி அதிகம் என்று சொல்லி, மூட்டை முடிச்சுகளுடன் பிரான்சுக்குக் குடிபோன கனவான்கள் இவர்கள். அந்த வகையில் நம் மில் முதலாளிகளுக்கு இவர்கள் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல.

ஆனால் இந்தத் தட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. இதில் 12 பாட்டுக்கள். ஒன்றுகூட இவர்கள் எழுதியதல்ல. பன்னிரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுக்கள். அவற்றை முதலில் பாடி வைத்தவர்களில் பெரும்பாலோர் பருத்திக் காட்டிலும் வாரச் சாகுபடியிலும் பிறந்து, பிழைப்புத் தேடி நகரத்துக்கு ரயிலேறியவர்கள். பருத்தியை எடுத்தவனும் நூற்றவனும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பாட்டுக்களின் கதை வேறு யாருக்குச் சொல்ல வேண்டிய கதை?

அமெரிக்காவில் மிசிசிப்பி என்று ஓர் ஆறு. அதன் ஓரத்தில் வண்டல் படிந்த சமவெளி. டெல்டா என்று அழைப்பார்கள். கறுப்பு மண், தட்டையான நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அடிமைகளை வைத்து அங்கே பருத்தி விளைவித்தார்கள். அந்தப் பருத்தி லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கி, லங்காஷயர் ஆலைகளில் நூலாகி, துணியாகி, நம் நாட்டுக்கு வந்து நம் கைத்தறி நெசவாளரின் வயிற்றில் அடித்தது. இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் அடிமை. மறுமுனையில் நம் நெசவாளி.

1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்தது. பருத்திக் கப்பல்கள் நின்றன. லங்காஷயர் ஆலைகள் மூடின. லிவர்பூல் வியாபாரிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் தூத்துக்குடியில் கப்பலேறியது. விலை ஏறியது, யுத்தம் முடிந்ததும் சரிந்தது. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது மான்செஸ்டர் தொழிலாளரின் கதையை. வேலையில்லை, அடுப்பில் நெருப்பில்லை. அடிமை எஜமானர்களின் பக்கம் பிரிட்டன் சேர்ந்துகொண்டால் பருத்தி வரும், வேலை வரும் என்று முதலாளிகளில் பலர் ஆசை காட்டினார்கள். 1862 டிசம்பர் 31-ந் தேதி அந்தத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டி, அடிமைத்தனத்தை ஒழிக்கும் பக்கமே தாங்கள் நிற்பதாக ஜனாதிபதி லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே லிங்கன் பதில் எழுதினார். பட்டினி கிடந்த ஸ்பின்னர்கள் செய்த காரியம் இது, தோழர்களே.

அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. நிலம் கிடைத்ததா? ஆளுக்கு 40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் என்ற பேச்சு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அமுங்கிப் போயிற்று. நிலம் பழைய எஜமானனிடமே நின்றது. நேற்றைய அடிமை இன்றைய வாரக்குடியானான். விதையும் கலப்பையும் கழுதையும் ஆண்டையுடையது, உழைப்பு குடியானவனுடையது. விளைச்சலில் பாதி ஆண்டைக்கு. மீதிப் பாதியாவது கைக்கு வருமா? வராது. மாசி பங்குனியிலிருந்து அறுவடை வரை மாவுக்கும் உப்புக்கண்டத்துக்கும் ஆண்டையின் கடையில்தான் பற்று. கணக்கு எழுதுகிறவன் ஆண்டையின் ஆள். டிசம்பரில் கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் குடியானவன்தான் பாக்கி. கணக்கில் தப்பு என்று வாயைத் திறந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆற்றின் மேல்கரையில் ஆர்க்கன்சா மாநிலம். அங்கே ஃபிலிப்ஸ் கவுண்டியில் எலெய்ன் என்ற ஊர். 1919 செப்டம்பர் கடைசியில் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயிலில் கறுப்பின வாரக்குடிகள் கூடினார்கள். பருத்திக்கு நியாய விலையும் எழுத்து மூலம் கணக்கும் வேண்டும். அதற்கு ஒரு சங்கம் வேண்டும். இதுதான் அவர்கள் செய்த குற்றம். துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறகு ஆயுதம் தாங்கிய கும்பல்கள் வந்தன, பட்டாளமும் வந்தது. கொல்லப்பட்ட கறுப்பின மக்கள் எத்தனை பேர் என்று இன்றும் சரிக் கணக்கில்லை. நூற்றுக்கு மேல், சில நூறு என்று சொல்லுகிறார்கள். இறந்த வெள்ளையர் 5 பேர். தூக்குத் தண்டனை யாருக்கு விதித்தார்கள்? 12 கறுப்பினக் குடியானவர்களுக்கு! வருஷக்கணக்கில் வழக்காடி, 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, கடைசியில் அவர்கள் உயிர் தப்பினார்கள்.

அதே கவுண்டியின் தலைநகர் ஹெலினா. அந்த ஊர் வானொலி நிலையம் 1941-ல் மாவுக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்துக்காக ஒரு பாட்டு நிகழ்ச்சி ஆரம்பித்தது. மவுத் ஆர்கன் ஊதும் சின்னப் பையன்கள் அங்கே வந்து தொழில் பழகினார்கள். அவர்களில் ஒருவன் லூசியானா மாநிலத்தில் பிறந்த மாரியன் வால்ட்டர் ஜேக்கப்ஸ். பின்னாளில் உலகம் லிட்டில் வால்ட்டர் என்று அழைத்தவன். நம் இசைத்தட்டின் பெயர்ப் பாட்டை இவர்கள் கற்றுக்கொண்டது அவன் ஊதியதிலிருந்துதான்.

அந்தப் பாட்டு முறைக்குத்தான் ப்ளூஸ் என்று பெயர். எனக்குச் சங்கீத சாஸ்திரம் தெரியாது. கேட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஓர் அடி. அதே அடி மறுபடி. மூன்றாவது அடி அதற்குப் பதில். நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது போல, இங்கே குரல் ஒன்றைச் சொல்ல, கிட்டாரோ மவுத் ஆர்கனோ பதில் சொல்லும். ஹார்மோனியக் கட்டைகளில் அகப்படாத சுரங்கள் அதில் உண்டு. நரம்பைத் தள்ளி, மூச்சை இழுத்து, இரண்டு கட்டைக்கும் நடுவில் நிற்கிற சுரங்கள். களை வெட்டும்போது ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குக் கூவிய கூவல்தான் அதற்கு மூலம் என்பார்கள்.

ப்ளூஸை முதன்முதலில் தட்டில் பாடிப் பெயர் வாங்கியவர்கள் பெண்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். 1920-ல் மேமி ஸ்மித், பிறகு மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித். இந்த 2016 தட்டில் ஒரு பெண் பாடகியின் பாட்டுகூட இல்லை. பன்னிரண்டு பொறுக்கியவர்களுக்குப் பதின்மூன்றாவது அகப்படவில்லையா? இது இந்தத் தட்டின் குறை என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கோஷ்டிக்குப் பெயர் கொடுத்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மக்கின்லி மார்கன்ஃபீல்டு. பாட்டுலகில் மடி வாட்டர்ஸ். கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941 ஆகஸ்டில் அமெரிக்கப் பார்லிமெண்டின் நூலகத்திலிருந்து ஆலன் லோமாக்ஸ் என்பவர், ஃபிஸ்க் கறுப்பினச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் வொர்க்குடன், கிராமத்துப் பாட்டுக்களைப் பதிவு செய்ய அந்தப் பக்கம் வந்தார். மடி வாட்டர்ஸ் தம் குடிசையில் உட்கார்ந்து பாடினார். பிறகு தட்டும் 20 டாலருக்கு ஒரு செக்கும் தபாலில் வந்தன. தம் குரலைத் தாமே வெளியிலிருந்து கேட்டார் அந்த டிராக்டர் டிரைவர். அதன் பிறகு பண்ணை அவருக்குச் சின்னதாகிப் போயிற்று.

1943-ல் அவருடைய கூலி மணிக்கு இருபத்திரண்டரை சென்ட். வெள்ளை டிரைவர்களுக்கு அதைவிட மேல். இருபத்தைந்து ஆக்குங்கள் என்று கேட்டார். இரண்டரை சென்ட்! மேனேஜர் சீறி விழுந்தான். அந்த இரண்டரை சென்டுக்காக அமெரிக்காவின் பாட்டு ரயிலேறிச் சிகாகோவுக்குப் போயிற்று. இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

அவர் ஒருவர் மட்டுமா போனார்? 1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். முதலில் வேலை தேடிப் போனார்கள். பிறகு வேலை பறிபோனதால் போனார்கள். 1944 அக்டோபர் 2-ந் தேதி, அதே கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில், பருத்தி எடுக்கும் யந்திரங்களைப் பொதுமக்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். அந்தப் பண்ணைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: கையால் எடுத்தால் பேலுக்கு 39 டாலர் சொச்சம், யந்திரத்தால் எடுத்தால் 5 டாலர் சொச்சம். அதற்கப்புறம் ஆள் எதற்கு? தலைமுறை தலைமுறையாக எந்தக் கையை நிலத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்களோ, அந்தக் கையையே வேண்டாம் என்று விரட்டினார்கள். யந்திரத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. முதுகொடியப் பருத்தி எடுத்தவன் எவனும் அந்த வேலைக்காக ஏங்க மாட்டான். யந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சிகாகோவில் அவர்களுக்குக் கிடைத்தது மாட்டிறைச்சித் தொழிற்சாலை, இரும்பு ஆலை, காகித ஆலை. மடி வாட்டர்ஸ் காகித ஆலையில் வேலை பார்த்தார். இந்தத் தட்டில் ஒரு பாட்டுக்குச் சொந்தக்காரரான ஜிம்மி ரீடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்தத் தொழிற்சாலைகளில்தான் கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளைத் தொழிலாளரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து போராடினார்கள். கம்யூனிஸ்டுகள் அதைக் கட்டுவதில் முன்னணியில் நின்றார்கள். அந்தச் சங்கங்கள் சேர்ந்து 1943-ல் இறைச்சித் தொழிலாளர் ஐக்கிய சங்கமாயிற்று.

ஷிப்டு முடிந்து சாராயக் கடையில் கூட்டம். அந்த இரைச்சலில் கிராமத்துக் கிட்டாரை யார் கேட்பது? ரிங் ஃபிரேம் ஓடும்போது பக்கத்து ஆளிடம் காதில் வாய் வைத்துப் பேசுகிற நமக்கு இது புரியும். எனவே கிட்டாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். லிட்டில் வால்ட்டர் ஒரு படி மேலே போனான். மலிவான மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஊதினான். நாலணா விளையாட்டுச் சாமான் பெரிய வாத்தியம்போல முழங்கிற்று. 1952-ல் அவன் ஊதிய தட்டு, கறுப்பின மக்களின் சந்தையில் முதல் இடத்துக்கு வந்தது. 1968-ல் தெருச் சண்டை ஒன்றில் பட்ட அடியால் தூக்கத்திலேயே இறந்தான். வயது 37. 1991-ல் இரண்டு ரசிகர்கள் ஏற்பாடு செய்கிற வரைக்கும் அவன் புதைகுழிமீது பெயர் எழுதிய ஒரு கல்கூட இல்லை.

இன்னொரு மனிதர் செஸ்டர் பர்னெட். ஆறடி தாண்டிய உருவம், மரம் அறுக்கிற மாதிரிக் குரல். ஹவுலிங் உல்ஃப், ஊளையிடும் ஓநாய், என்று பெயர். மிசிசிப்பியில் பிறந்து, கிழக்கு ஆர்க்கன்சாவில் பயிர் செய்தவர். அந்தக் கிழக்கு ஆர்க்கன்சாவில்தான் 1934-ல் டைரன்சா என்ற ஊரில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து தென்பகுதி வாரக்குடிகள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஓநாய்க்காரர் அதில் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த மண்ணின் காற்று அப்படி இருந்தது என்கிறேன். சிகாகோவில் கோஷ்டி சேர்த்த பிறகு, தம்மிடம் வாசித்தவர்களுக்குக் கூலியைக் குறித்த நேரத்தில் கொடுத்தார். வேலையில்லாக் கால இன்ஷூரன்சுக்கும் பிடித்துக் கட்டினார். நம்முடைய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர், நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளிக்கூடம் போய் எழுத்தும் கணக்கும் கற்றார். சிறு வயதில் ஆண்டையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவருக்குக் கணக்கின் அருமை தெரியாதா?

இந்தத் தட்டுக்களில் பலவற்றைப் போட்டது சிகாகோவில் செஸ் சகோதரர்கள் நடத்திய கம்பெனி. பெரிய கம்பெனிகள் தொடாத காலத்தில் இந்தப் பாட்டுக்களைப் பதிவு செய்த பெருமை அவர்களுக்கு உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டின் உரிமை யாருக்குப் போயிற்று? அந்தச் சகோதரர்களும் கூட்டாளிகளும் 1953-ல் ஆரம்பித்த ஆர்க் மியூசிக் என்ற பதிப்புக் கம்பெனிக்கு. பாட்டு எழுதியவன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். முன்பணம் வாங்கினான். கார் வேண்டுமா, கார் வாங்கிக் கொடுத்தார்கள்; பிறகு அது அவன் பற்றில் ஏறிற்று. பண்ணைக் கடைப் பற்று ஊர் மாறி வந்ததே தவிர உரு மாறவில்லை.

இதை எதிர்த்து வழக்காடியவர்களில் முக்கியமானவர் வில்லி டிக்சன். இந்தத் தட்டில் இரண்டு பாட்டு அவர் எழுதியது. 1915-ல் மிசிசிப்பியில் பிறந்து, சிகாகோவில் குத்துச்சண்டைக்காரராக இருந்து, பிறகு பாட்டுக்காரரானார். இரண்டாவது உலக யுத்தத்தில் ராணுவத்துக்கு அழைத்தபோது, என் இனத்தை இப்படி நடத்துகிற சர்க்காருக்காகச் சண்டை போட மாட்டேன் என்று சொல்லிச் சிறை போனார். 1970-களில் ஹவுலிங் உல்ஃபும், மடி வாட்டர்ஸும், இவரும் ஆர்க் மியூசிக் மீது வழக்குப் போட்டார்கள். 1985-ல் டிக்சன், லெட் ஸெப்பலின் என்ற இன்னொரு பெரிய பிரிட்டிஷ் கோஷ்டிமீது, தம் பாட்டைத் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டதாக வழக்குத் தொடர்ந்தார். 1987-ல் அவர்கள் ராஜிக்கு வந்து பணம் கொடுத்தார்கள். வந்ததை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. மற்றப் பழைய பாட்டுக்காரர்களுக்கும் உரிமைத்தொகை வாங்கித் தர ஓர் அறநிலையம் வைத்தார். அவர் 1992-ல் காலமான பிறகு, செஸ் கம்பெனி இருந்த கட்டடத்தையே அவர் மனைவி வாங்கி அந்த அறநிலையத்துக்குக் கொடுத்தார். தொழிலாளியின் குடும்பம் முதலாளியின் கட்டடத்தை வாங்கிய சங்கதி அடிக்கடி கேட்கக் கிடைப்பதல்ல!

இப்போது லண்டனுக்கு வருவோம். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தவர்கள், இருவரும் 1943. ஜாகரின் தகப்பனார் தேகப்பயிற்சி ஆசிரியர். ரிச்சர்ட்ஸின் தகப்பனார் மின்விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கோஷ்டியின் டிரம்காரர் சார்லி வாட்ஸின் தகப்பனார் ரயில்வேயில் லாரி டிரைவர். 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ஜாகர் தட்டுக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சிகாகோவுக்கே எழுதித் தபாலில் தருவித்த தட்டுக்கள். அதில் ஒன்று மடி வாட்டர்ஸின் தட்டு. அதைப் பார்த்துத்தான் ரிச்சர்ட்ஸ் பக்கத்தில் வந்து பேசினார். 1950-ல் மடி வாட்டர்ஸ் பாடிய ஒரு பாட்டின் பெயரையே கோஷ்டிக்கு வைத்தார்கள்.

1964 ஜூன் 10, 11 தேதிகளில் இவர்கள் சிகாகோவில் செஸ் கம்பெனியின் பதிவுக்கூடத்திலேயே போய்ப் பாடினார்கள். அமெரிக்காவில் நிற வேற்றுமைக்கு எதிரான சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தாக அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த வருஷம் மே மாதம் ஓர் அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு இவர்களை அழைத்தபோது, ஹவுலிங் உல்ஃபும் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அவர் பாட, இவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். வெள்ளைக்கார அமெரிக்கப் பிள்ளைகள் பலர் தங்கள் நாட்டுப் பாட்டுக்காரரை முதன்முதலாகப் பார்த்தது இங்கிலாந்துக்காரன் சிபாரிசில்! அமெரிக்க ஜனநாயகத்தின் லட்சணத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்படியானால் இவர்கள் புனிதர்களா? இல்லை. 1968-ல் இவர்கள் போட்ட தட்டில் மெம்ஃபிஸ் நகரத்துப் பிரசங்கி ராபர்ட் வில்கின்ஸின் பழைய பாட்டு ஒன்று, ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற பெயரில் அச்சாயிற்று, பிறகுதான் திருத்தினார்கள். 1969 தட்டில் ராபர்ட் ஜான்சனின் பாட்டு ஒன்று வேறொரு பெயரில் வந்தது. ஜான்சன் 1938-லேயே இறந்துபோன மிசிசிப்பிப் பாட்டுக்காரர். அவர் பாட்டுக்களின் உரிமை அவர் வாரிசுப் பக்கத்துக்கே என்று அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது 2000-ல். வாரிசு யார் தெரியுமா? மிசிசிப்பியில் சரளைக்கல் லாரி ஓட்டிய அவர் மகன். அவர் மகன்தான் என்று மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் அதே 2000-ல்தான். தகப்பன் பாட்டு உலகம் சுற்றிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் மகன் சரளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு 2016 தட்டைப் பாருங்கள். 2015 டிசம்பரில் கோஷ்டியினர் மேற்கு லண்டனில் ஒரு பதிவுக்கூடத்தில் கூடினார்கள். புதுப் பாட்டுத் தயாரிப்பதற்காக வந்தார்கள். அவர்களுடைய முந்திய புதுத் தட்டு வந்தது 2005-ல். பத்து வருஷத்து இடைவெளி. வேலை ஓடவில்லை. கை பழகட்டும் என்று லிட்டில் வால்ட்டரின் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். அது நன்றாக வந்தது. இன்னொன்று வாசிப்போம் என்றார்கள். அப்படியே 11, 14, 15 தேதிகள், மூன்றே நாளில் 12 பாட்டு முடிந்தது. ஜாகருக்கு வயது 72, வாட்ஸுக்கு 74. பக்கத்து அறையில் தம் வேலையாக வந்திருந்த எரிக் கிளாப்டன் என்ற கிட்டார் வித்துவானும் இரண்டு பாட்டுக்குச் சேர்ந்துகொண்டார்.

இன்றைய பதிவு முறை நம் ஆலை மாதிரி. ஒருவன் ஒரு நாள் தாளம் போடுவான். இன்னொருவன் இன்னொரு ஊரில் கிட்டார் வாசிப்பான். குரலைத் துண்டு துண்டாக ஒட்டுவார்கள். பஞ்சு போடுகிறவன் கோனைப் பார்க்க மாட்டான். இந்தத் தட்டில் அப்படியில்லை. எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் வாசித்தார்கள். ஒருவர் வாத்தியத்தின் சத்தம் மற்றவர் மைக்கில் கலக்கிறது. சில இடங்களில் கரகரக்கிறது. அது குறையென்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜாகரின் மவுத் ஆர்கன். பாட்டில் அவருடைய பழைய மினுக்கு இன்னும் இருக்கிறது. ஊதும்போது அது இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு ரயிலடியில் நின்ற பையன் ஊதுகிறான். வாட்ஸ் அடிக்கிற டிரம்மோ தேர்ந்த தச்சனின் கை மாதிரி. ஓர் அடி வீணில்லை. அவர் 2021 ஆகஸ்டில் காலமாகிவிட்டார்.

இந்தத் தட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயர் அச்சிட்டிருக்கிறது. தங்கள் பாட்டு ஒன்றைச் செருகி, எழுதியவர் பங்கில் ஒரு பாகம் வாங்கிக்கொள்ள முயற்சியில்லை. தட்டு பிரிட்டனில் முதல் இடத்துக்கு வந்தது. 2018-ல் மரபு ப்ளூஸுக்கான கிராமி விருதும் வாங்கிற்று. எழுதியவன் பங்கு போக வேண்டிய பக்கம் போயிற்று. ஆனால் போகிற வழியில் எத்தனை கை! பழைய பதிப்புக் கம்பெனிகள் விலைபேசப்பட்டு, கைமாறி, இன்னும் பெரிய கம்பெனிகளுக்குள் போயிருக்கின்றன. பாட்டு எழுதியவனின் பேரனுக்கு ஒரு பங்கு என்றால், பாட்டை ஒரு தரம்கூடக் கேட்டிராத பங்குதாரனுக்கும் ஒரு பங்கு. பெயரைச் சரியாகப் போட்டது நேர்மை, வரவேற்கிறேன். சொத்துரிமையின் கணக்கை அது மாற்றிவிடாது.

இன்னொரு ஆட்சேபம் கேட்டிருக்கிறேன். "இந்தப் பாட்டுக்களில் ஆண்டையைக் காணோம், சங்கத்தைக் காணோம். அவள் போய்விட்டாள், அவன் ஏமாற்றிவிட்டான் என்றுதானே இருக்கிறது?" உண்மைதான். ஆண்டை பெயரைச் சொல்லிப் பாட முடியாத இடத்தில் 'அவள்' என்று ஜாடையாகப் பாடினார்கள் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். சில பாட்டுக்களுக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருத்தினால் மிகையாகிவிடும். பெண்ணைப் பற்றி ஆண் வாய்க்கு வந்தபடி பேசுகிற பாட்டும் இவற்றில் உண்டு. அதை மூடி மறைக்க வேண்டாம். இந்தக் கிழவர்கள் அந்த இடங்களையும் அப்படியே பாடிவிட்டுப் போகிறார்கள். ஆனால் நாள் முழுதும் இன்னொருவன் நிலத்தில் குனிந்தவன், இரவில் தன் மனத்தில் உள்ளதைத் தன் சொல்லால் பாடினால், அந்த ஒரு நாழிகை மட்டும் அவன் யாருடைய ஆளும் அல்ல. தலைவரி பேசாவிட்டாலும் அந்தக் குரல் பேசுகிறது.

ஒவ்வொரு தேசத்துக் கலாசாரத்துக்குள்ளும் இரண்டு கலாசாரங்கள் இருக்கின்றன என்று லெனின் 1913-ல் எழுதினார். அமெரிக்கா என்றால் வியட்நாமில் குண்டு போட்ட அமெரிக்காவும் உண்டு. எலெய்ன் மாதா கோயிலில் கூடிய அமெரிக்காவும் உண்டு. முன்னதன் வானொலி, பின்னதன் பாட்டை வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்தது. நாமும் 'அமெரிக்கச் சத்தம்' என்று ஒதுக்கினால் யார் பக்கம் நிற்கிறோம்?

2023-ல் இதே கோஷ்டி இன்னொரு தட்டுப் போட்டது. அதில் கடைசிப் பாட்டு மடி வாட்டர்ஸ் பாடியது. இவர்களுக்குப் பெயர் கொடுத்த அதே பாட்டு. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும், ஒரு கிட்டாரும் ஒரு மவுத் ஆர்கனும் வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். பெயர் எடுத்துக்கொண்டு 60 வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அந்தப் பாட்டைத் தங்கள் தட்டில் பாட அவர்களுக்குத் தைரியம் வந்தது போலிருக்கிறது!

பேச்சு போதும். இளந்தோழர் ஒருவர் ஸ்பீக்கர் பெட்டி கொண்டு வந்திருக்கிறார். மூன்று பாட்டு கேட்போம். முதலில் லிட்டில் வால்ட்டர் 1955-ல் பதிவு செய்தது. அதன்பின் அதே பாட்டை இந்தக் கிழவர்கள் 2015-ல் வாசித்தது. மூன்றாவதாக, ஸ்டோவால் பண்ணைக் குடிசையில் டிராக்டர் டிரைவர் 1941-ல் பாடியது. அதில் ஒரே ஒரு கிட்டார்தான். சத்தம் குறைவாக இருக்கும். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்காருங்கள், தோழர்களே.